கோர்ட்டின் சட்டம்

கிரே ஸ்ட்ரீட் மாடியில் வக்கீல் ராம்பர்சாத்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கேட்டார்:
"பதிவுத்தாள் இருக்கிறதா?"

மவுண்ட் எஜ்கம் கோயில் இருந்தது.
மூன்று முடிச்சு இருந்தது.
முந்நூறு பேர் உண்டு எழுந்த வாழையிலை இருந்தது.
தீ சாட்சியாய் நின்றது.
தீக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியாது.

இருபத்தோராண்டின்மேல் ஒரே சொல்லை எழுதினார்:
மணமாகாதவர்.
சிங்காரத்தின் பெயரை ஏழு முறை சொன்னார்.
என் பெயரை ஒரு முறை, தப்பாக.

"கேஸ் போட்டால்?"
"எந்தக் கேஸ் அம்மா?
கோர்ட்டின் சட்டப்படி அவருக்கு நீங்கள் யாருமில்லை."

சிரித்துவிட்டேன்.
மூளை பிசகிவிட்டதென்று
தண்ணீர் கொண்டுவரச் சொன்னார் பாவம்.

அவருக்கு எப்படித் தெரியும்,
ரவிக்கை தைத்த காசில் நான் தபாலில் படிப்பது?
பிரிட்டோரியாவிலிருந்து வந்த நான்காம் கட்டு:
பண்டைக் கிரேக்கப் பெண்கள்.

ஏதென்ஸில் ஒருத்தி
ஒரு மூட்டை வாற்கோதுமைக்கு மேல்
பேரம் முடிக்கக் கூடாதாம்.
மேலே போனால் அப்பனோ அண்ணனோ புருஷனோ வரவேண்டும்.
படித்ததும் எனக்கு மெஷின் கடை நினைவு வந்தது.
தவணையில் ஓவர்லாக் கேட்டேன்.
"வீட்டுக்காரரைக் கூட்டிவாம்மா."
வந்தார், போட்டார், மீசையைத் தடவினார்.
தவணை முப்பதும் நான் கட்டினேன்.

கடனுக்குப் பெண்டாட்டி.
பங்குக்கு யாரோ.

நல்ல குடும்பத்துப் பெண்ணின் பெயரை
அந்த ஊர் வழக்காடு மன்றத்தில் சொல்லமாட்டார்களாம்.
இன்னார் மகள், இன்னார் மனைவி.
மரியாதையாம்.

ஆனால் கிரீட் தீவில் இன்னொரு ஊர்.
அதன் பெயரே கோர்ட்டின்.
சட்டத்தைச் சுவரில் வெட்டிவைத்திருக்கிறார்கள்,
ஒரு வரி வலமிருந்து இடம், அடுத்தது இடமிருந்து வலம்,
உழுகிற மாடு வரப்பில் திரும்புவது போல.
அங்கே எழுதியிருக்கிறது:
பிரிந்துபோகிறவள் கொண்டுவந்ததைக் கொண்டுபோகலாம்.
அவள் நெய்ததில் பாதி அவளுக்கு.
பிரிவுக்குப் புருஷன் காரணமென்றால்
மேற்கொண்டு ஐந்து ஸ்டேட்டர்.

பெரிய நீதியென்று கொண்டாட ஒன்றுமில்லை.
அடிமைப் பெண்ணின் மானத்துக்கு
அதே கல்லில் விலை குறைவு.
கரும்புக்காட்டு லைன் வீட்டில் பிறந்தவள் நான்,
அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

சனிக்கிழமை அவர் கிரேவில் குதிரைப் பந்தயத்துக்குப் போனார்,
ஸ்டேங்கரிலிருந்து வந்தவளோடு, என் தையல் சட்டையில்.
தம்பி குழந்தைவேலு பாக்கியைக் கொண்டுவந்தான்.
எங்கள் ஊரில் பாக்கி என்றால் வண்டி.
எனக்கு அன்று இரண்டு அர்த்தமும் சரியாக இருந்தது.

அம்மா கொடுத்த குத்துவிளக்கை ஏற்றினேன், வண்டியில்.
பிறகு பாதி.
ஜன்னலுக்கு இரண்டு திரை, ஒன்றை உருவினேன்.
நான்கு தலையணை உறையில் இரண்டு.
மேசைவிரிப்பு ஒன்றுதான்.
கத்தரியை எடுத்தேன், நடுவே
நூல் பிசகாமல் வெட்டினேன்.
"அக்கா, உனக்குப் பைத்தியமா?" என்றான் தம்பி.
"சட்டம்" என்றேன்.

பந்தயக் காசு டப்பாவில் முப்பத்தெட்டு ரேண்ட்.
ஐந்தை எடுத்தேன்.
மிச்சத்தை எண்ணி, மூடி, இருந்த இடத்தில் வைத்தேன்.

மெஷின்தான் நடுக்கூடத்தில் நின்றது.
நெய்ததில் பாதி சரி, தறி யாருக்கு?
கட்டுரை எழுதுகையில் தேடினேன், கிடைக்கவில்லை.
சுவரில் சில இடம் சிதைந்துபோயிற்றென்று
அடிக்குறிப்பில் போட்டிருந்தார்கள்.

அந்தச் சிதைந்த இடத்தில்
என் மெஷினை வைத்துக்கொண்டேன்.
"தூக்குடா," என்றேன், "கால் பக்கம் கனம்."

ரசீதை மேசைமேல், பாதித் துணிமேல் வைத்தேன்.
எடுத்தவை இவை இவை.
கீழே முழுப் பெயர்:
தில்லையம்மாள் படையாச்சி.
இன்னார் மகள் என்றோ
இன்னார் மனைவி என்றோ
எழுத இடம் விடவில்லை.